முதியவர் கையில் ஒரு சாவி



'முதியோர் இல்லம்' என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம் குடும்பங்களில் ஒரு முகச்சுளிப்பு தோன்றுகிறது. பெற்ற மக்களின் நன்றிகேட்டுக்கு அது மறுபெயர் என்றே பலரும் கருதுகின்றனர். பெற்றோரைப் பேணுதல் கடமை என்பதைப் பால பாடமாகவே கற்றுவரும் சமுதாயத்தில் இவ்வெண்ணம் எழுவது இயல்பே. ஆயினும், ஒன்றோடொன்று ஒவ்வாத இருவேறு ஏற்பாடுகளை அந்த ஒரே சொல்லுக்குள் நாம் அடைத்துவிடுகிறோம். ஒன்று, முதியவரைக் கட்டில் எண்ணாக மாற்றிவிடும் விடுதி. மற்றொன்று, தம் வீட்டுக்குத் தாமே உரியவராக இருந்துகொண்டு, வேண்டிய உதவியை மட்டும் அவர் அருகிலேயே பெற்றுக்கொள்ளும் குடியிருப்பு.

இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு என்பதை அறிய விரும்புவோர் இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றங்கள் கடந்து வந்த பாதையைப் பார்க்க வேண்டும். அங்கே இந்தக் கதை சட்டமாகவும் கட்டடமாகவும் வரவு செலவுக் கணக்காகவும் பதிவாகியிருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்சிலுமாக முஸ்லிம்கள் ஏறத்தாழ 39 இலட்சம் பேர் வாழ்வதாக 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு கூறுகிறது. ஆகவே, இது நமக்கு முற்றிலும் அந்நியமான கதையும் அன்று.

கணவனையும் மனைவியையும் பிரித்த கூரை

வறியோரையும் முதியோரையும் காக்கும் பொறுப்பை 1601ஆம் ஆண்டுச் சட்டம் அந்தந்த ஊர்ப்பிரிவின் தலையில் வைத்தது. ஊரார் வரி செலுத்தினர். அதிலிருந்து உதவி வழங்கப்பட்டது. 1834இல் வந்த புதிய சட்டம் இந்நிலையை மாற்றியது. பல ஊர்ப்பிரிவுகள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு, 'ஒர்க்ஹவுஸ்' என்னும் ஏழையர் விடுதிகள் பெருகின. விடுதிக்குள் இருப்பவரின் வாழ்க்கை, வெளியே உழைத்துப் பிழைக்கும் பரம ஏழையின் வாழ்க்கையைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் கொள்கை. இல்லையேல் அனைவரும் விடுதியை நாடி வந்துவிடுவார்கள் என்று அஞ்சினர்.

அங்கே ஆடவர்க்கு ஒரு பகுதி, பெண்டிர்க்கு ஒரு பகுதி. நாற்பது ஆண்டுகள் ஒன்றாக இல்லறம் நடத்திய முதிய தம்பதியரும் வாயிலில் நுழைந்ததும் பிரிக்கப்பட்டனர். அறுபது வயதைக் கடந்த தம்பதியர் ஒரே அறையைக் கேட்டுப் பெறலாம் என்று 1847இல் ஒரு சட்டம் இடம் கொடுத்தது. ஆனால், அது எல்லா விடுதிகளிலும் நடைமுறைக்கு வந்துவிடவில்லை. அம்முதியவர்களுக்கு உணவு இருந்தது, கூரையும் இருந்தது. ஆனால் எப்போது கதவைத் திறப்பது, எவரோடு வாழ்வது என்று தீர்மானிக்கும் உரிமை மட்டும் இல்லை. சிந்தித்துப் பாருங்கள், அந்த உரிமை போன பின் எஞ்சுவது என்ன?

1909ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று எழுபது வயது நிறைந்த ஏழை முதியோர்க்கு அரசு ஓய்வூதியம் வழங்கலாயிற்று. வாரத்துக்கு அதிக அளவாக ஐந்து ஷில்லிங். அஞ்சலகத்தில் சென்று அவர்களே பெற்றுக்கொண்டனர். சிறு தொகைதான், எனினும் விடுதிக்குப் போகாமல் வெளியே காலந்தள்ள அது பலருக்குக் கைகொடுத்தது.

பழைய ஏழையர் சட்டம் 1948இல் முற்றாக ஒழிக்கப்பட்டது. முதுமையாலும் தளர்ச்சியாலும் கவனிப்புத் தேவைப்படுவோர்க்கு உறைவிடம் அளிப்பது உள்ளாட்சி மன்றங்களின் கடமையாயிற்று. சட்டம் மாறியது, ஆனால் கட்டடங்கள் மாறவில்லை. பீட்டர் டவுன்சென்ட் என்னும் சமூகவியலாளர் இங்கிலாந்திலும் வேல்சிலும் 173 முதியோர் விடுதிகளை நேரில் சென்று பார்த்து, 1962இல் ஒரு நூல் வெளியிட்டார். பழைய ஏழையர் விடுதிகளே பெயர்ப்பலகை மாறி இயங்கி வந்ததை அவர் எடுத்துக்காட்டினார். அதனினும் முக்கியமான உண்மை ஒன்றையும் அவர் கண்டறிந்தார். அவ்விடுதிகளில் இருந்த பலர், விடுதி வாழ்வு தேவைப்படும் அளவுக்குத் தளர்ந்தவர்கள் அல்லர். தகுந்த வீடும் சிறிது உதவியும் கிடைத்திருந்தால் அவர்கள் வெளியிலேயே வாழ்ந்திருப்பார்கள்.

தனி வாயில், அருகில் துணை

அந்தத் தகுந்த வீட்டைத்தான் உள்ளாட்சி மன்றங்கள் பின்னர் கட்டத் தொடங்கின. முதியோர் வீடுகள் எப்படி அமைய வேண்டும் என்பதற்கு 1969இல் வீட்டுவசதித் துறை அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை வாயிலாக அளவுகோல் வகுத்தது. ஓரளவு நடமாட்டம் உள்ளோர்க்குத் தனித்தனிச் சிறு வீடுகள் ஒரு வகை. சற்றுத் தளர்ந்தோர்க்கு ஒரே கூரையின் கீழ் பல சிறு வீடுகள், குளிர் தாக்காத நடைவழி, பொதுக்கூடம் ஆகியவற்றோடு மற்றொரு வகை. உடனிருந்து நலம் விசாரிக்க 'வார்டன்' ஒருவர். ஆபத்து நேர்ந்தால் அவரை அழைக்க ஒரு மணி. இதுவே 'ஷெல்டர்டு ஹவுசிங்' எனப்பட்டது.

காலம் செல்லச் செல்ல ஒரு குறை தெரிந்தது. அறுபத்தைந்து வயதில் குடிபுகுந்தவர் எண்பத்தைந்தை எட்டினார். அவரைக் குளிப்பாட்டவும் உண்பிக்கவும் ஆள் வேண்டியிருந்தது. அது வார்டனின் வேலை அன்று. அதற்கு விடையாகப் பிறந்ததுதான் 'எக்ஸ்ட்ரா கேர்' என்னும் குடியிருப்பு. இங்கும் ஒவ்வொருவருக்கும் தனி வீடு, தனிச் சமையலறை, தனி வாயிற்கதவு உண்டு. ஆனால் பராமரிப்புப் பணியாளர்கள் இரவும் பகலும் அவ்வளாகத்திலேயே இருப்பார்கள். காலையில் அரைமணி உதவி தேவைப்படுவோர்க்கு அரைமணி. நான்கு வேளை தேவைப்படுவோர்க்கு நான்கு வேளை. உதவி கூடலாம், குறையலாம். அதற்காக வீட்டை மாற்ற வேண்டியதில்லை.

பராமரிப்பு விடுதிக்கும் இதற்கும் சட்டத்திலேயே வேறுபாடு உண்டு. விடுதியில் இருப்பவர்க்குப் பொதுவாக ஓர் அறையில் தங்கும் அனுமதி மட்டுமே. கவுன்சில் செலவில் அங்கே வாழ்பவரின் ஓய்வூதியத்தில் பெரும்பகுதி கட்டணத்துக்குப் போய்விடும். அவர் கையில் வாரத்துக்கு ஏறத்தாழ 30 பவுண்டு மட்டுமே மிஞ்சும். எக்ஸ்ட்ரா கேரில் வாழ்பவரோ வாடகை ஒப்பந்தம் உடைய குடித்தனக்காரர், அல்லது வீட்டை விலைக்கு வாங்கியவர். சாவி அவர் கையில் இருக்கிறது. பணியாளரும் கதவைத் தட்டியே உள்ளே வர வேண்டும். பேரன் பேத்தியர் வந்தால் எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று எவரும் மணியடிக்க மாட்டார்கள்.

நிலம் ஒருவரிடம், பணம் வேறொருவரிடம்

இத்தகைய குடியிருப்பு தானாக எழுந்துவிடுவதில்லை. ஒவ்வோர் உள்ளாட்சியும் தன் பகுதியில் எங்கே எவ்வகைக் கட்டடம் எழலாம் என்பதை முன்கூட்டியே வகுத்து வைக்கும் 'லோக்கல் பிளான்' என்னும் திட்டம் அங்கே உண்டு. அது குறைந்தது பதினைந்து ஆண்டுகளை முன்னோக்குவது. முதியோர், உடற்குறை உடையோர் ஆகியோரின் வீட்டுத் தேவையை அத்திட்டங்கள் எவ்வாறு எதிர்கொள்ள வேண்டும் என்பதற்கு அரசு வழிகாட்ட வேண்டும் என 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கட்டளையிட்டது. அவ்வழிகாட்டுதல் 2019 ஜூனில் வெளிவந்தது.

காகிதத்தில் இது எளிது, களத்தில் கடினம். முதல் இடர்ப்பாடு, அதிகாரம் சிதறிக் கிடப்பது. இலண்டன் வட்டாரங்களிலும் பல பெருநகரங்களிலும் எல்லாப் பொறுப்பும் ஒரே மன்றத்திடம் உள்ளது. இரண்டடுக்கு ஆட்சி உள்ள பகுதிகளிலோ நிலத்துக்கு அனுமதி தருவதும் வீட்டுவசதியும் 'டிஸ்ட்ரிக்ட்' மன்றத்தின் வேலை. முதியோர் பராமரிப்பு 'கவுன்டி' மன்றத்தின் வேலை. மருத்துவமோ தேசிய சுகாதாரப் பணியின் கையில். நல்ல வீட்டில் வாழும் முதியவர் கீழே விழுவது குறைந்தால், அதனால் மிச்சமாகும் பணம் மருத்துவமனைக் கணக்கில் சேரும். வீடு கட்ட நிலம் கொடுத்த மன்றத்துக்கு அதில் பங்கு இல்லை. செலவிடுபவர் ஒருவர், பயன் பெறுபவர் வேறொருவர் என்றால் எவர் முன்வருவார்? இவ்விரு அடுக்குகளையும் ஒன்றாக்கும் எண்ணத்தை 2024 டிசம்பரில் வெளியான வெள்ளை அறிக்கையில் அரசு அறிவித்தது.

இரண்டாவது இடர்ப்பாடு, வகைப்படுத்தல். எக்ஸ்ட்ரா கேர் என்பது வீடா, விடுதியா? திட்டச் சட்டத்தில் விடுதிக்கு 'சி2' என்றும், வீட்டுக்கு 'சி3' என்றும் பெயர். வீடு என்றால், கட்டுவோர் அதில் ஒரு பகுதியைக் குறைந்த விலை வீடுகளாக ஒதுக்க வேண்டிய கடப்பாடு எழலாம். விடுதி என்றால் அக்கடப்பாட்டிலிருந்து பெரும்பாலும் தப்பலாம். இந்த ஓர் எழுத்துக்காகவும் ஓர் எண்ணுக்காகவும் நடந்த வழக்காடல்கள் பல.

மூன்றாவது, இடத்தேர்வு. நகருக்கு வெளியே நிலம் மலிவு. ஆனால் கடை, பேருந்து நிறுத்தம், மருத்துவர், வழிபாட்டிடம் ஆகியவற்றுக்கு நடந்து செல்ல இயலாத இடத்தில் எழுப்பும் வீடு எத்துணை அழகாக இருந்தாலும் அது மூடிய பெட்டியே. முந்நூறு அடி ஏற்றம் இளைஞர்க்கு ஒரு பொருட்டல்ல. கைத்தடியோடு நடப்பவர்க்கு அது மலை.

கட்டடம் நின்றது, காவலர் மறைந்தார்

எல்லாவற்றையும் மீறி வீடு எழுந்துவிட்டது என வைத்துக்கொள்வோம். அதன் பிறகும் ஒரு கேள்வி உண்டு. ஆண்டுதோறும் பணியாளர் சம்பளத்தை எவர் தருவது?

2003 ஏப்ரலில் 'சப்போர்ட்டிங் பீப்பிள்' என்னும் திட்டம் தொடங்கியது. முதியோர் உள்ளிட்ட பலர்க்கு வீட்டோடு சேர்ந்த உதவியை வழங்க, முதலாண்டில் ஏறத்தாழ 180 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது. அப்பணத்தை வேறு எதற்கும் செலவிடலாகாது என்ற வேலியும் இருந்தது. 2009 ஏப்ரலில் அந்த வேலி நீக்கப்பட்டது. உள்ளாட்சிகளுக்குச் சுதந்திரம் தருவதே நோக்கம் எனப்பட்டது. பின்னர் வந்த சிக்கன நடவடிக்கைகளின்போது, வேலியில்லாத பயிர் என்னாகுமோ அதுவே நிகழ்ந்தது. பல இடங்களில் உடனுறையும் வார்டன் மறைந்தார். தொலைபேசி மணியும் எப்போதாவது வந்துபோகும் பணியாளரும் அவ்விடத்துக்கு வந்தனர்.

பார்னட், போர்ட்ஸ்மத் ஆகிய இரு மன்றங்கள் வார்டன் பணியை நீக்க எடுத்த முடிவை எதிர்த்து முதியவர்கள் உயர் நீதிமன்றம் சென்றனர். உடற்குறை உடையோர்மீது ஏற்படும் விளைவை உரியவாறு கருத்தில் கொள்ளாமல் எடுத்த முடிவு செல்லாது என்று 2009 டிசம்பரில் தீர்ப்பாயிற்று. கவனியுங்கள்: வார்டனை நீக்கவே கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை, எண்ணிப் பாராமல் நீக்கக் கூடாது என்றே சொன்னது. கல்லும் சுண்ணாம்பும் ஒருமுறைச் செலவு. மனிதத் துணை நாள்தோறும் வரும் செலவு. இரண்டையும் ஒரே வேளையில் கணக்கிடாத திட்டம் பாதித் திட்டமே.

கணக்கில் வராத முதியவர்கள்

இனி நம் மனத்தை நேரடியாகத் தொடும் செய்திக்கு வருவோம். 1950களிலும் 1960களிலும் பிராட்ஃபோர்டு, இலங்காஷயர் முதலிய இடங்களின் பஞ்சாலைகளுக்குத் தெற்காசியாவிலிருந்து உழைக்கச் சென்ற முஸ்லிம் இளைஞர்கள், இன்று உயிரோடிருந்தால் தள்ளாத கிழவர்கள். இவர்களுக்கான வீடு பற்றிப் பேச்செழும்போதெல்லாம் அதிகாரிகள் ஒரு வாசகத்தைச் சொல்லிப் பழகிவிட்டனர்: 'அவர்கள் வீட்டு முதியோரை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.' கேட்பதற்கு அது புகழுரை. ஆனால் திட்டக் கணக்கில் அதன் பொருள், 'அவர்களுக்கு எதுவும் தேவையில்லை' என்பதே.

உண்மை நிலை அவ்வளவு எளிதன்று. மகனும் மருமகளும் வேலைக்குச் செல்கின்றனர். மூன்றடுக்கு ஒடுங்கிய வீட்டில் கழிப்பறை மாடியில் இருக்கிறது. மறதி நோய் கண்டவர், பிற்காலத்தில் கற்ற ஆங்கிலத்தை மறந்து தாய்மொழிக்கே திரும்பிவிடுகிறார். அவருக்கு வேண்டியவை எவை? ஹலால் உணவு, கழிப்பறையில் தண்ணீர் வசதி, நாற்காலியில் அமர்ந்து ஒளுச் செய்ய ஒரு குழாய், பெண்களுக்குப் பெண் பணியாளர், தம் மொழியில் பேச ஓர் ஆள், நடந்து செல்லும் தொலைவில் ஒரு பள்ளிவாசல். இவற்றில் பலவற்றைக் கட்டடம் எழுமுன் வரைபடத்தில் சேர்த்தால் செலவு சொற்பம். எழுந்தபின் இடித்துச் சேர்ப்பதென்றால் பெருஞ்செலவு.

இவற்றைக் கேட்க அங்கே வழியும் உண்டு. லோக்கல் பிளான் இறுதியாகுமுன் பொதுமக்களின் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்பது விதி. மதம், இனம், வயது ஆகியவற்றின் காரணமாக எவரும் பின்தள்ளப்படாதிருக்கக் கவனம் செலுத்த வேண்டும் என 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் மன்றங்களைப் பணிக்கிறது. ஆயினும் கேட்பவர் இருந்தால் அன்றோ பதில் பிறக்கும்? எங்கள் வீட்டு முதியோர்க்கு வெளியுதவி தேவை என்று ஒப்புக்கொள்வது குடும்ப மானத்துக்கு இழுக்கு என்று நாம் மௌனம் சாதித்தால், அந்த மௌனம் சுழியமாகவே கணக்கில் ஏறும். அதன் விலையைக் கொடுப்பவர் மானம் காத்த மகன் அல்லர். மாடிப்படியில் தவழ்ந்து ஏறும் தாய்.

அன்புச் சகோதர சகோதரிகளே! பெற்றோரைப் பேணும் கடமையை எந்த மன்றமும் நம் தோளிலிருந்து இறக்கிவைக்க முடியாது, இறக்கிவைக்கவும் வேண்டாம். ஆனால் தாயைத் தூக்கிக் குளிப்பாட்டப் பயிற்சி பெற்ற ஒருவர் உதவினால், மகள் அந்த நேரத்தில் தாயின் அருகில் அமர்ந்து பேசலாம். அது கடமையைக் கைவிடுவது ஆகாது. எங்கேனும் முதியோர்க்கென ஒரு குடியிருப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டால், புகழவோ பழிக்கவோ முற்படுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வாயிற்கதவின் சாவி எவரிடம் இருக்கும்? பணியாளரின் சம்பளம் ஐந்தாண்டு கழித்து எங்கிருந்து வரும்? வரைபடம் போடுமுன், அங்கே வாழப்போகும் முதியவரிடம் எவரேனும் ஒரு வார்த்தை கேட்டார்களா?