கையை எடுத்த பிறகும் ஓடும் "குச்சி"! கன்ட்ரோலரைத் தூக்கி எறியாதீங்க, பையனையும் அடிக்காதீங்க

கோட்டைப்பட்டினம்:-

தொட்டால்தான் ஓட வேண்டும். தொடாமலேயே ஓடுகிறது!

வீடியோ கேம் கன்ட்ரோலரில் கட்டைவிரலால் ஆட்டும் குச்சி இருக்கிறதே, அதில் வரும் கோளாறு இது. பையன் கையை எடுத்த பிறகும் திரையில் ஆள் ஒரு பக்கமாகவே நடந்துகொண்டு இருப்பான். கார் தானாக வளைந்து சுவரில் மோதும்.

"அத்தா, நான் ஒண்ணும் பண்ணலை. அதுவா ஓடுது" என்பான் பையன்.

"சுமார் 6 ஆயிரம் ரூபா சாமான்டா! போட்டு உடைச்சிட்டு பொய் வேற சொல்றியா?" என்று முதுகில் ஒன்று விழும்.

பையன் சொல்வது பெரும்பாலும் உண்மை!

உள்ளே என்ன நடக்கிறது?

பழைய ரேடியோவில் வால்யூம் திருகும்போது "கரகர" என்று சத்தம் வருமே, நினைவு இருக்கிறதா? அதே சங்கதிதான் இங்கேயும்.

குச்சிக்கு அடியில் அந்த வால்யூம் போலவே சின்னதாக 2 கருவிகள் இருக்கின்றன. ஒன்று இடம்-வலம் பார்க்கும். மற்றொன்று மேல்-கீழ் பார்க்கும். ஒவ்வொன்றிலும் கார்பன் பூசிய பட்டை உண்டு. அதன்மேல் மெல்லிய உலோக நாக்கு உரசிக்கொண்டே போகும். நாக்கு எந்த இடத்தில் நிற்கிறதோ, அதற்கு ஏற்ப மின் அளவு மாறும். அதை வைத்துத்தான் குச்சி எங்கே இருக்கிறது என்று மெஷின் கணக்குப் போடுகிறது.

உரசி உரசி கார்பன் தேய்கிறது. தேய்ந்த தூள் அங்கேயே தங்குகிறது. குச்சியை நடுவில் நிறுத்தும் ஸ்பிரிங்கும் தளர்ந்து போகிறது. அவ்வளவுதான், குச்சி நடுவில் நின்றாலும் "சாய்ந்திருக்கிறது" என்று மெஷின் ஏமாந்து போகும்!

கடற்கரை ஊர்களுக்கு இன்னொரு வில்லனும் உண்டு. உப்புக்காற்று! விசைப்படகில் ஒயர் முனை பச்சை பூத்துப் போவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியது இல்லை. திறந்த ஜன்னல் ஓரம் கன்ட்ரோலரைப் போட்டு வைக்காதீர்கள்.

7 மாதத்தில் ஆயுள் முடியும்!

இது நம்ம ஊர் தகராறு மட்டும் அல்ல. உலகம் முழுக்க சிரித்த தகராறு.

பிளேஸ்டேஷன்-5 கன்ட்ரோலரை 2021-ம் ஆண்டு அமெரிக்காவின் "ஐபிக்சிட்" என்ற ரிப்பேர் நிறுவனம் பிரித்துப் பார்த்தது. அந்தக் குச்சிக் கருவிக்குச் சொல்லப்பட்ட ஆயுள் 20 லட்சம் சுற்று. துப்பாக்கிச் சண்டை கேம் ஆடினால் 417 மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டுச் சொன்னது.

தினம் 2 மணி நேரம் ஆடினால் சுமார் 7 மாதம்தான்!

நிண்டெண்டோ கம்பெனியின் "ஸ்விட்ச்" 2017 மார்ச்சில் வந்தது. அதன் குச்சிகள் ஓட ஆரம்பித்ததும், 2019 ஜூலையில் அமெரிக்காவில் கோர்ட்டில் வழக்கு போட்டார்கள். 2020 ஜூனில் கம்பெனித் தலைவர் ஷுன்டாரோ புருகாவா வாடிக்கையாளர்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மன்னிப்புக் கேட்டார்.

ஐரோப்பாவில் நுகர்வோர் சங்கங்களுக்கு சுமார் 25 ஆயிரம் புகார்கள் குவிந்தன. 2021 ஜனவரியில் ஐரோப்பிய கமிஷனிடம் மனு போனது. கடைசியில் 2023-ம் ஆண்டு, உத்தரவாத காலம் முடிந்தாலும் இலவசமாகச் சரிசெய்து தருவதாகக் கம்பெனி ஒப்புக்கொண்டது. ஆனால் அந்தச் சலுகை ஐரோப்பாவுக்குத்தான். நமக்கு இல்லை!

வீட்டில் செய்யக்கூடியது

முதலில் பில்லைத் தேடுங்கள். உத்தரவாதம் பாக்கி இருந்தால் ஸ்குருவில் கை வைக்காதீர்கள். பிரித்த அடையாளம் தெரிந்தால் கம்பெனி கையை விரிக்கும்.

* கேம் செட்டிங்கில் "டெட் ஸோன்" என்று இருக்கும். அதைக் கொஞ்சம் கூட்டினால் சிறிய அசைவை மெஷின் கண்டுகொள்ளாது. ஸ்விட்ச்சில் குச்சியின் நடுப்புள்ளியைப் புதிதாகக் கற்றுக்கொடுக்கும் "கேலிபரேஷன்" வசதியும் உண்டு.

* பிளேஸ்டேஷன்-5 கன்ட்ரோலரின் முதுகில் ஊசி நுழையும் அளவுக்கு ஓட்டை இருக்கிறது. மெஷினை அணைத்துவிட்டு, உள்ளே இருக்கும் பட்டனை 5 விநாடி அழுத்தி ரீசெட் செய்து பாருங்கள்.

* அழுக்கு என்றால், செல்போன் ரிப்பேர் கடைக்காரர்கள் பயன்படுத்தும் ஐ.பி.ஏ. திரவம் அல்லது கான்டாக்ட் கிளீனர் சில சொட்டு போதும். குச்சியைச் சுழற்றிவிட்டு நன்றாகக் காய்ந்த பிறகே ஆன் செய்ய வேண்டும். தேங்காய் எண்ணெய், மெஷின் ஆயில், மண்ணெண்ணெய் கூடவே கூடாது!

கார்பன் தேய்ந்திருந்தால் துடைத்து பயன் இல்லை. சில நாளில் மறுபடி ஓடும்.

கடைக்காரர் கையில்

அப்போது குச்சிக் கருவியையே மாற்ற வேண்டும். பாகத்தின் விலை சில நூறு ரூபாய்க்குள் முடியும். ஸ்விட்ச் கன்ட்ரோலரில் பட்டை ஒயரைக் கழற்றி மாட்டினால் போதும். மற்றவற்றில் பல கால்களை ஈயம் உருக்கி எடுக்க வேண்டும். பழகிய கை வேண்டும். சூடு அதிகமானால் போர்டே போய்விடும்.

மாற்றும்போது "ஹால் சென்சார்" வகை கிடைக்குமா என்று கேளுங்கள். அது காந்தத்தால் வேலை செய்கிறது. உரசலே இல்லை, அதனால் கார்பன் தேயும் பேச்சும் இல்லை. இது புது கண்டுபிடிப்பா என்றால், அதுவும் இல்லை. 1998-ம் ஆண்டு வந்த "சேகா ட்ரீம்காஸ்ட்" கன்ட்ரோலரிலேயே இருந்தது!

அன்றைக்கே இருந்த சங்கதியை விட்டுவிட்டு, தேயும் பட்டையை ஏன் விற்கிறார்கள்? காசு கொடுத்தவன் கேட்க வேண்டிய கேள்வி இது.

எங்கே கேட்பது?

உத்தரவாதம் இருந்தும் கடையோ கம்பெனியோ இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போடலாம். அதிலும் தீராவிட்டால் புதுக்கோட்டை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளை சென்னையில் வாங்கி இருந்தாலும் சரி, 2019-ம் ஆண்டு சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும்.

மச்சான் துபாயில் இருந்து, சிங்கப்பூரில் இருந்து வாங்கி வந்ததா? அந்த ஊர் உத்தரவாதம் இங்கே செல்லுமா என்று அட்டையைப் படித்துக்கொள்ளுங்கள்.

எதற்கும் முதலில் வேண்டியது பில். அதை கேம் டப்பாவோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்!