பட்டியல் வருமுன்: டெட்ராய்ட் விழாவும் பெயர்களின் அரசியலும்

ஆண்டுதோறும் மே மாதக் கடைசி வார இறுதியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில், ஆற்றங்கரையிலுள்ள ஹார்ட் பிளாசா திடலில், மூன்று நாள் மின்னணு இசைவிழா நடக்கிறது. 2000-இல் தொடங்கிய விழா. பெயர் சிலமுறை மாறி, 2006 முதல் 'மூவ்மெண்ட்' என்று நிலைத்திருக்கிறது. பெருந்தொற்றுக் காலமான 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகள் திடல் காலியாகக் கிடந்தது. விழா மூன்று நாள்தான். அதற்கு முன்னால் நடக்கிற இன்னொரு விழா மாதக்கணக்கில் நீள்கிறது. இந்த வருஷம் யார் யார் வரப்போறாங்க என்கிற ஊகம், பந்தயம், சண்டை, ஏமாற்றம். கலைஞர் பட்டியலுக்குக் காத்திருப்பது என்கிற இந்தச் செயலை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு இங்கே வாசித்துப் பார்க்கலாம். ஒரு தட்டுகூடச் சுழலாத நேரத்திலேயே இசை யாருடையது என்கிற கணக்கு எப்படி எழுதப்பட்டுவிடுகிறது என்பது அதில் தெரிகிறது.

1

காத்திருப்பு தானாக முளைப்பதில்லை, தயாரிக்கப்படுகிறது. பெரிய இசைவிழாக்களின் நடைமுறை இன்று ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான். பட்டியல் வெளிவருமுன்பே ஒரு பகுதி நுழைவுச்சீட்டுகளைக் குறைந்த விலைக்கு விற்றுவிடுகிறார்கள். வாங்குகிறவர் கையில் வருவது இன்னும் எழுதப்படாத ஒரு பட்டியலின் மீதான நம்பிக்கை. பிறகு பெயர்கள் மொத்தமாக வருவதில்லை. முதல் தவணை, இரண்டாம் தவணை என்று பிரித்து விடுவார்கள். ஒவ்வொரு தவணைக்கும் பேச்சு கிளம்பும், சீட்டு நகரும்.

இதற்குப் பின்னால் ஒப்பந்தங்கள் இருக்கின்றன. பெரிய விழாக்கள் பலவற்றின் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து உண்டு: இந்த விழாவில் வாசிக்க ஒப்புக்கொண்டவர், விழாவுக்கு முன்னும் பின்னும் இவ்வளவு காலத்துக்கு, இத்தனை மைல் சுற்றளவுக்குள் வேறெங்கும் வாசிக்கக் கூடாது. ஆக, நட்சத்திரத்தின் அருமை என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி வேலி போட்டு உண்டாக்கிய பஞ்சம். சுவரொட்டியில் யார் பெயர் எந்த வரியில், எந்த அளவு எழுத்தில் வரும் என்பதும் முகவர்கள் பேரம் பேசித் தீர்ப்பதுதான். எழுத்தின் பருமன் அடுத்த ஒப்பந்தத்தில் சம்பளமாக மாறும். சில விழாக்கள் அகரவரிசையில் போட்டு எல்லோரும் சமம் என்று காட்டும். ஆனால் அந்தச் சமத்துவம் காகிதத்தோடு சரி. எந்த மேடை, எத்தனை மணிக்கு என்பதில் படிநிலை திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். மத்தியான வெயிலில் காலித் திடலுக்கு வாசிப்பவரும் இரவு பதினொரு மணிக்கு வாசிப்பவரும் ஒன்றா என்ன?

இதெல்லாம் எந்த விழாவுக்கும் பொருந்தும். டெட்ராய்ட்டைக் குறிப்பாக எடுப்பதற்குக் காரணம், அங்கே பிறந்த டெக்னோ இசை பெயருக்கும் முகத்துக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு வளர்ந்தது என்பதுதான்.

2

1950-இல் சுமார் 18 லட்சத்து 50 ஆயிரம் பேர் வாழ்ந்த வாகனத் தொழில் நகரம் டெட்ராய்ட். ஆலைகள் இடம்பெயர்ந்தன, வெள்ளையர்கள் புறநகருக்குப் போனார்கள், 1967 கிளர்ச்சியில் 43 பேர் செத்தார்கள். 2000-இல் மக்கள்தொகை 9 லட்சத்து 50 ஆயிரமாகி, 2020-இல் 6 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. இடையில் 2013-இல் நகராட்சியே திவால் மனு போட்டது. இந்தச் சரிவின் நடுவே, நகருக்கு வெளியே பெல்வில் என்னும் ஊரின் பள்ளியில் சந்தித்துக்கொண்ட மூன்று கறுப்பின இளைஞர்கள் - ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் - எண்பதுகளில் செய்துகாட்டியதுதான் டெக்னோ. ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க்கையும் கறுப்பின ஃபங்க் இசையையும் ஒரே இரவில் அடுத்தடுத்து ஒலிபரப்பிய 'எலக்ட்ரிஃபையிங் மோஜோ' என்கிற வானொலிக்காரர் அவர்களுடைய காதுகளைத் திறந்துவிட்டவர்களில் ஒருவர். ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி செய்த தாளப்பொறிகள் கைக்கு எட்டும் விலையில் கிடைத்தன. டெக்னோ என்ற சொல்லுக்கு அட்கின்ஸுக்குத் துணையாக இருந்தது ஆல்வின் டாஃப்ளரின் 'மூன்றாம் அலை'. 1980-இல் வந்த அந்தப் புத்தகம் ஆலை யுகம் முடிந்து தகவல் யுகம் வருவதாகச் சொன்னது. ஆலை யுகம் முடிவதைப் புத்தகத்தில் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற நிலையில் டெட்ராய்ட்காரர்கள் இல்லை. அதைத் தெருவிலேயே பார்த்தார்கள்.

இவர்களுடைய தட்டுகளில் சொந்தப் பெயர் முன்னுக்கு நிற்காது. அட்கின்ஸ் 'மாடல் 500' ஆனார். மே 'ரிதிம் இஸ் ரிதிம்' ஆனார். அடுத்த தலைமுறையைச் சேர்ந்த கார்ல் கிரெய்க்குக்கு '69', 'பேப்பர்கிளிப் பீப்பிள்' என்று பல பெயர்கள். மைக் பேங்க்ஸும் ஜெஃப் மில்ஸும் தொடங்கிய 'அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்' குழுவினர் முகத்தை மூடிக்கொண்டே மேடை ஏறினார்கள். பேங்க்ஸ் புகைப்படத்துக்கே நின்றதில்லை என்று சொல்லும் அளவுக்கு ஒதுங்கியிருந்தவர். இசைக் கம்பெனிகள் முகத்தை விற்கின்றன, ஆகவே முகத்தைக் கொடுக்க மாட்டோம் என்பது அவர்களுடைய நிலைப்பாடு. இருட்டில் ஆடும் கூட்டத்துக்கு யார் செய்தது என்பது முக்கியமில்லை. ஒரு தட்டு இன்னொன்றோடு கலந்து மூன்றாவது ஒன்றாகி ஓடிக்கொண்டிருக்கும். ரொலான் பார்த் அறிவித்த 'ஆசிரியனின் மரணம்' நம் சிறுபத்திரிகைகளில் எவ்வளவோ விவாதிக்கப்பட்டிருக்கிறது. அதை ஏட்டில் படிக்காமலேயே ஆடுதளத்தில் நடத்திக் காட்டிய இசை இது.

அப்படியானால் பெயர்ப் பட்டியலுக்காகக் காத்துக் கிடப்பதே இந்த இசைக்குச் செய்யும் துரோகம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாமா? அவ்வளவு சுலபமில்லை.

3

பெயரை உதறுவது யாருக்குச் சாத்தியம்? ஏற்கெனவே பெயரோடும் சொத்தோடும் இருப்பவர் உதறினால் அது தத்துவம். பெயரே பதிவாகாதவர் உதறினால் அவர் இருந்த தடயமே போய்விடும். டெக்னோவுக்கு நடந்தது இரண்டாவது.

1988-இல் டெட்ராய்ட் இசையின் முதல் பெரிய தொகுப்பு லண்டனில் வெளிவந்தது, வர்ஜின் நிறுவனத்தின் கிளைக் கம்பெனி வழியாக. முதலில் அதை 'டெட்ராய்ட்டின் ஹவுஸ் இசை' என்று, சிகாகோ இசையின் கிளையாக விற்கத்தான் யோசித்திருந்தார்கள். அட்கின்ஸின் இசைத்துண்டு ஒன்றின் தலைப்பில் 'டெக்னோ' இருந்தது. அதைத் தொட்டே தொகுப்பின் பெயர் மாறியது, வகைமைக்கும் அதுவே பெயராக நின்றது. ஆக, தன்னைத் தானே பெயரிட்டுக்கொள்ளும் உரிமை ஒரு மயிரிழையில்தான் தப்பியது. சுவர் இடிந்தபின் பெர்லினில் 1991-இல் திறந்த 'ட்ரெசர்' விடுதி டெட்ராய்ட்காரர்களை அழைத்தது. அதன் இசைத்தட்டு நிறுவனத்தின் முதல் வெளியீடே அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் ஆட்கள் செய்த 'எக்ஸ்-101'தான். அந்த அளவில் அது மரியாதையான உறவு. ஆனால் தொண்ணூறுகள் முடிவதற்குள் ஐரோப்பாவில் டெக்னோ பெரும் வணிகமாகிவிட்டது. அதன் சுவரொட்டி முகங்கள் பெரும்பாலும் வெள்ளை முகங்கள். டெக்னோ ஐரோப்பிய இசை என்று நம்பும் ரசிகர் தலைமுறைகள் உருவாயின. முகமற்ற இசைக்கு யாரோ ஒரு முகத்தை மாட்டிவிட்டார்கள், மாட்டப்பட்டது டெட்ராய்ட்காரருடைய முகமில்லை.

எனவே பட்டியலில் ஒரு பெயர் வருவதற்கு இரண்டு அர்த்தங்கள் உள்ளன. ஒன்று, சந்தையில் ஒரு சரக்கின் முத்திரை. இன்னொன்று, அழிக்கப்பட்டவர் தன் வரலாற்றைத் திரும்பக் கோரும் பத்திரம். எழுத்து ஒன்றுதான், அர்த்தம் இரண்டு. எந்த அர்த்தம் மேலோங்கும் என்பது பட்டியலைப் போடுவது யார், யார் காசில் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

4

2000 மே மாதத்தில் நடந்த முதல் விழாவின் கலை இயக்குநர் கார்ல் கிரெய்க். அனுமதி இலவசம். ஊரின் மூத்தவர்கள், அடுத்த தலைமுறை, வெளிநாட்டுக்காரர்கள் என்று அவர் போட்ட பட்டியலில் ரூட்ஸ் போன்ற ஹிப் ஹாப் குழுவும் இருந்தது. டெக்னோவைக் கறுப்பின இசை மரபின் பெரிய வரைபடத்துக்குள் திரும்பக் கொண்டுவந்து வைத்த தேர்வு அது. கூட்டம் பத்து லட்சம் என்று அப்போது சொல்லப்பட்டது. எண் மிகையாகவே இருக்கலாம். ஆனால் அதுவரை ஐரோப்பாவில் கொண்டாடப்பட்டுவிட்டு வீடு திரும்பினால் யாரென்றே தெரியாதவர்களாக இருந்த கலைஞர்கள், சொந்த ஊரின் நடுத்திடலில், சொந்த ஜனங்கள் முன்னால் நின்றார்கள் என்பது மிகையில்லை. சீட்டு இல்லாததால் பாட்டியும் பேரனும்கூட உள்ளே வர முடிந்தது.

அடுத்த ஆண்டே ஃபோர்டு கம்பெனி புரவலராக வந்தது, அதன் கார் ஒன்றின் பெயர் விழாவின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. விழா தொடங்கச் சில வாரங்களே இருக்கும்போது, விழாவை நடத்திய நிறுவனம் கிரெய்க்கை நீக்கியது. பட்டியலை எழுதிய கை போய்விட்டது, பட்டியல் மட்டும் இருந்தது. ரசிகர்களும் இசைஞர்களும் அவருக்கு ஆதரவாகச் சட்டையில் வாசகம் அச்சடித்துப் போட்டுக்கொண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். யார் வாசிக்கிறார் என்பதைவிட, யார் தேர்ந்தெடுக்கிறார் என்பதற்காக ரசிகர்கள் சண்டை போட்டது கவனிக்கத்தக்கது. 2003-இல் டெரிக் மே பொறுப்பேற்று, நகராட்சியின் பணம் நின்றுபோன நிலையில் சொந்தக் காசைப் போட்டு நடத்தினார். 2005-இல் கெவின் சாண்டர்சன் நடத்தியபோது முதன்முறையாக நுழைவுக் கட்டணம் வந்தது. 2006 முதல் 'பாக்ஸஹாவ்' என்கிற உள்ளூர் நிறுவனம் நடத்துகிறது.

இதை வெறும் வீழ்ச்சிக் கதையாகப் படிப்பது வசதியானது. கறுப்பினக் கலைஞர்கள் சொந்தப் பணத்தைப் போட்டு, நஷ்டப்பட்டு, இலவச விழா நடத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க நமக்கு உரிமை இல்லை. கட்டணம் வந்தபின் விழா பிழைத்தது, கலைஞர்களுக்குக் கூலி கிடைத்தது. அதே சமயம் சீட்டு விற்றாக வேண்டிய விழாவின் பட்டியல் வெளியூர்க்காரரை நோக்கித்தான் எழுதப்படும், விமானம் ஏறி வருகிறவருக்குத் தெரிந்த பெயர்கள்தான் பெரிய எழுத்தில் வரும். சில ஆண்டுகளில் உள்ளூர்க் கலைஞர்களுக்கென்று தனி மேடை ஒதுக்கினார்கள். நல்லதுதான். ஆனால் சொந்த வீட்டில் ஒருவனுக்குத் தனி அறை ஒதுக்கும்போது, மற்ற அறைகள் யாருடையவை என்கிற கேள்வியும் கூடவே வருகிறது.

5

பட்டியல்களை எண்ணிப் பார்க்கும் வேலையைச் செய்தவர்கள் உண்டு. வியன்னாவைச் சேர்ந்த எலக்ட்ரிக் இண்டிகோ என்கிற கலைஞர் 1998-இல் தொடங்கிய 'ஃபீமேல்:பிரஷர்' என்ற வலையமைப்பு, 2013 முதல் மின்னணு இசைவிழாக்களின் பட்டியல்களில் பெண்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்து வெளியிட்டு வருகிறது. 2012-இல் பத்தில் ஒருவருக்கும் குறைவு. 2020-21-இல் நான்கில் ஒன்றைச் சற்றே தாண்டியது. பட்டியலை ரசிப்பதை விட்டுவிட்டுத் தணிக்கை செய்ய ஆரம்பித்ததும் நகர்வு ஏற்பட்டிருக்கிறது. வெறும் எண்ணிக்கையால் எல்லாம் மாறிவிடும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எண்ணாமல் இருந்தவரை 'தரமானவர்கள் கிடைக்கவில்லை' என்கிற சொல்லாடல்தான் உண்மையாக உலவியது.

கிடைக்காமல் இல்லை. டெட்ராய்ட்டின் கெல்லி ஹாண்ட் 1990-இல் 'அக்கேஷியா' என்ற சொந்த இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். கே-ஹாண்ட் என்ற பெயரில் உலகம் முழுக்க வாசித்தார். டெட்ராய்ட் டெக்னோவின் முதல் பெண்மணி என்று நகர மன்றம் அவரைக் கௌரவித்தது 2017-இல். 2021-இல் அவர் காலமானார். இடையே போன 27 ஆண்டுகளில் டெக்னோவின் வரலாறு மூன்று ஆண் பெயர்களின் கதையாகவே திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. இந்தக் கட்டுரையின் இரண்டாம் பகுதியும் அந்த மூன்று பெயர்களில்தான் தொடங்குகிறது. பெருங்கதையாடல் அவ்வளவு சுலபத்தில் விடாது.

பட்டியலுக்குக் காத்திருப்பதில் தப்பில்லை, எதிர்பார்ப்பதும் ஒரு இன்பம்தான். பட்டியல் வந்ததும் கேட்க வேண்டியவை சில உண்டு. தேர்ந்தெடுத்தவர் யார், அவரை நீக்கும் அதிகாரம் யார் கையில்? ஊர்க்காரருக்கு எந்த மணி, எந்த மேடை? சீட்டு விலை அந்த ஊரில் ஒரு நாள் கூலியில் எத்தனை பங்கு? பெண்கள் எத்தனை பேர், கறுப்பினப் பெண்கள் எத்தனை பேர்? பெரிய எழுத்திலிருந்து கீழே வருவதற்குப் பதில், கடைசி வரியிலிருந்து மேலே படித்துப் பார்க்கலாம். கே-ஹாண்ட் மாதிரியான பெயர்கள் நெடுங்காலம் நின்றது அந்த வரிகளின் பக்கம்தான்.