டோனோ மூடி

டோனோ மூடி என்பது பிக்அப் வண்டியின் திறந்த சரக்குத்தட்டை, அதன் பக்கச்சுவர்களின் மேல்விளிம்பு மட்டத்தில் மூடுவதற்காகப் பொருத்தப்படும் உறை ஆகும். மழை, பனி, வெயில், திருட்டு ஆகியவற்றிலிருந்து சரக்கைக் காப்பது இதன் பணி. 'டோனோ' என்பது பீப்பாயைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூரையற்ற கார்களின் வளைந்த பின்னிருக்கைப் பகுதி இப்பெயரால் அழைக்கப்பட்டது. அதை மூடிய துணியின் பெயர் பின்னர் பிக்அப்பின் மூடிக்கும் வந்து சேர்ந்தது.

வட அமெரிக்காவில் பிக்அப் வேலைக்கான வண்டி மட்டுமன்று. பல வீடுகளில் அதுவே குடும்ப வண்டியும் ஆகும். ஃபோர்டு நிறுவனத்தின் எஃப் வரிசை வண்டிகள் 1977 முதல் ஐக்கிய அமெரிக்காவில் பிக்அப் விற்பனையில் முதலிடம் வகித்து வருகின்றன. நான்கு கதவுகள் கொண்ட பிக்அப்பில் ஐந்து பேர் வசதியாக அமரலாம். ஆனால் காரில் இருப்பது போன்ற பூட்டிய பின்பெட்டி இதில் இல்லை. பயணப் பெட்டிகளையும் மளிகைப் பைகளையும் மழையில் நனையாமல் வைக்க இடம் வேண்டும் என்பதற்காகவே பெரும்பாலான குடும்பங்கள் மூடி வாங்குகின்றன.

அளவும் பயன்பாடும்

ஃபோர்டு எஃப்-150 வண்டியின் சரக்குத்தட்டு ஏறத்தாழ 5.5, 6.5, 8 அடி என மூன்று நீளங்களில் வருகிறது. குடும்பங்கள் வாங்கும் நான்கு கதவு வகையில் பெரும்பாலும் 5.5 அடித் தட்டே இருக்கும். விளிம்பின் வடிவம் மாதிரிக்கு மாதிரி மாறுவதால், வண்டியின் மாதிரி, ஆண்டு, தட்டின் நீளம் மூன்றும் பொருந்தும் மூடியையே வாங்க வேண்டும். அண்டை வீட்டாரின் பழைய மூடி குறைந்த விலைக்குக் கிடைத்தாலும் நம் வண்டிக்குப் பொருந்தும் என்று நம்ப முடியாது. பெரும்பாலான மூடிகளைத் துளையிடாமல், விளிம்பின் அடிப்புறத்தில் கவ்விகளால் இறுக்கிப் பொருத்தலாம்.

நீளத்தைவிட உயரமே பலரும் மறந்துவிடும் அளவு. எஃப்-150 வண்டியின் தட்டு ஏறத்தாழ 21 அங்குல ஆழம் கொண்டது. மடித்த குழந்தை வண்டி, குளிர்பெட்டி, கூடாரப் பை ஆகியவை மூடிக்கு அடியில் அடங்கும். நிமிர்த்தி வைத்த மிதிவண்டியோ அலமாரியோ அடங்காது. ஆகவே வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி எந்த மூடி அழகானது என்பதன்று. மாதத்தில் எத்தனை முறை மூடியை முழுதாக விலக்க வேண்டிவரும் என்பதே.

வகைகள்

மென் மூடிகள் வினைல் துணியாலானவை. சுருட்டும் வகையில் துணியைப் பாய் போலச் சுருட்டி, ஓட்டுநர் அறையை ஒட்டி வாரால் கட்டிவிடலாம். விலையும் எடையும் குறைவு. கடுங்குளிரில் வினைல் விறைத்து இழுபடாமல் போவதும், நெடுநாள் வெயிலில் வெடிப்பதும் இவற்றின் குறைகள். கத்தியால் கிழித்துவிடலாம் என்பதால், திருட்டைப் பொறுத்தவரை இவை சரக்கைக் கண்ணிலிருந்து மறைக்கின்றன, அவ்வளவே.

கடின மடிப்பு மூடிகள் அலுமினியம் அல்லது இழை வலுவூட்டிய நெகிழிப் பலகைகள் மூன்று அல்லது நான்கைக் கீல்களால் இணைத்துச் செய்யப்படுபவை. பின்கதவு பூட்டியிருந்தால் இவையும் பூட்டியதாகும். சிலவற்றுக்கு 400 பவுண்டு வரை சுமை தாங்கும் எனத் தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகின்றனர். பனி குவிவது போலச் சீராகப் பரவிய சுமைக்கான அளவு அது. மேலே ஒருவர் ஏறி நிற்கலாம் என்று அதற்குப் பொருளில்லை. ஒரு நாள் பயணப் பெட்டி, மறுநாள் மிதிவண்டி என்று இரண்டையும் ஏற்றும் குடும்பத்துக்கு இவ்வகையே பெரும்பாலும் ஏற்றது.

உள்ளிழுக்கும் மூடிகள் கடையின் சுருள் கதவு போல ஒரு பேழைக்குள் சுருண்டு செல்லும். பயன்படுத்த எளியவை, விலை கூடியவை. தட்டின் முன்பகுதியில் பேழை பிடிக்கும் இடம், நீளம் குறைந்த தட்டில் நன்றாகவே தெரியும். டெஸ்லா சைபர்டிரக்கில் மின்விசையால் இயங்கும் இத்தகைய மூடி வண்டியோடே வருகிறது. இவை தவிர, கண்ணாடியிழையாலான ஒற்றைப் பலகை மூடிகளும் உண்டு. வண்டியின் நிறத்திலேயே அழகாக அமையும். கழற்ற இருவர் வேண்டும், கழற்றியதை வைக்கக் கொட்டகையில் இடமும் வேண்டும்.

நீர்க்கசிவு

முற்றிலும் நீர் புகாத மூடி என்று எதிர்பார்த்து வாங்குவோர் ஏமாறுவர். மூடியின் விளிம்பில் இரப்பர் பட்டை இருந்தாலும், பின்கதவின் பக்கவாட்டு இடுக்குகள் வழியே நீரும் தூசியும் நுழையும். பின்கதவுக்கென்று தனியாக விற்கப்படும் இரப்பர் பட்டையை ஒட்டினால் இது பெருமளவு குறையும். உள்ளிழுக்கும் வகையில் நீர் வடிகுழாய்களில் இலைகள் அடைத்துக்கொண்டால் பேழை நிரம்பி உள்ளே வழியும்.

குழந்தைகளும் மூடிய தட்டும்

மூடிய தட்டில் ஆட்களை ஏற்றுவது உயிருக்கு ஆபத்தானது. வண்டியின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மூடிக்கு அடியில் தேங்கும். அதற்கு நிறமோ மணமோ இல்லாததால் உள்ளிருப்பவருக்குத் தெரியாது. கார்பன் மோனாக்சைடு நச்சுக்குச் சிகிச்சை பெற்ற 68 குழந்தைகளைப் பற்றி 1992இல் ஜாமா மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களில் 20 பேர் பிக்அப்பின் பின்தட்டில் பயணம் செய்தவர்கள். 17 பேர் உயரமான கடினக் கூண்டுக்குள்ளும் மூவர் தார்ப்பாய்க்கு அடியிலும் இருந்தனர். 15 பேர் நினைவிழந்தனர். ஒரு குழந்தை இறந்தது. எல்லா வண்டிகளிலும் புகைக்குழாயில் முன்பே அறிந்த கசிவு இருந்தது, அல்லது குழாயின் வாய் பின்புறம் நோக்கி இருந்தது. கூண்டைவிட டோனோ மூடிக்கு அடியில் காற்றிடம் இன்னும் குறைவு. நாய்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

வண்டி நிற்கும்போதும் கவனம் வேண்டும். 2001 செப்டம்பர் முதல் ஐக்கிய அமெரிக்காவில் விற்கப்படும் புதிய பயணிகள் கார்களின் பின்பெட்டியை உள்ளிருந்து திறக்க வழி இருக்க வேண்டும் என்பது விதி. பிக்அப்பின் மூடிய தட்டு அவ்விதியில் அடங்காது. கண்ணாமூச்சி ஆடும் வயதுக் குழந்தைகள் உள்ள வீட்டில், உள்ளிருந்து திறக்கக்கூடிய மூடியா என்பதைக் கடையிலேயே சோதித்துப் பார்ப்பது நல்லது. வீட்டில் நிறுத்தியிருக்கும்போது பின்கதவைப் பூட்டியே வைக்க வேண்டும்.

பொருத்திய பின்

முதல் சில நாள் ஓட்டத்தில் கவ்விகள் சற்றுத் தளர்வது இயல்பு; அவற்றை மறுபடி இறுக்க வேண்டும். மடிப்பு மூடியை முழுதாக மடித்துச் செங்குத்தாக நிறுத்தி ஓட்டினால், ஓட்டுநர் அறையின் பின்கண்ணாடியும் அதன் மேலுள்ள மூன்றாவது நிறுத்த விளக்கும் மறைந்துவிடலாம். இரண்டும் தெரியும்படி வாரால் கட்டிய பிறகே வண்டியைச் சாலையில் எடுக்க வேண்டும்.