உங்களுக்குத் தெரியுமா? பனிச்சரிவைத் தூண்டும் வெடிமருந்து

சூலக்கரை, சிவகாசி வட்டாரத்தில் வெடிமருந்து என்றாலே பட்டாசுத் தொழில்தான் நினைவுக்கு வரும் என்றாலும், ஆல்ப்ஸ் போன்ற மலைகளில் ஆட்கள் இல்லாத வேளையில் வெடி வைத்துப் பனியைச் சிறுகச் சிறுகச் சரியவைத்து, பின்னர் நேரக்கூடிய பெருஞ்சரிவைத் தவிர்க்கவும் அது பயன்படுகிறது.

ஒவ்வொரு பொழிவிலும் அடுக்கடுக்காகப் படியும் பனியின் தொகுதி பனிப்படலம் எனப்படும். அதன் அடியிலுள்ள படிகங்கள் சர்க்கரைபோல் உதிரியாகிவிட்டால், அந்த நலிந்த அடுக்கின்மேல் இறுகிக் கிடக்கும் பனிப்பாளம் நடந்து செல்லும் ஒருவரின் எடைக்கே பிளந்து வழுக்கிவிடுகிறது. 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளே மிகுந்த ஆபத்துடையவை; அதைவிடச் செங்குத்தான இடங்களில் பனி பெரிய அளவில் தங்குவதில்லை. மலையேற்றத்தில் பனிச்சரிவில் சிக்கி உயிரிழப்போரில் பெரும்பாலோரைப் புதைக்கும் சரிவு, அவர்களோ அவர்களுடைய குழுவினரோ தூண்டிவிட்டதே என்பது கசப்பான உண்மை.

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில், சுமார் 19,600 அடி உயரத்தில், மதராஸ் படைப்பிரிவின் காவல்நிலை பனிச்சரிவில் புதையுண்டபோது தமிழ்நாட்டைச் சேர்ந்த நால்வர் உட்பட 10 வீரர்கள் சிக்கினர். ஆறு நாள்களுக்குப் பின் உயிருடன் மீட்கப்பட்ட லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11 அன்று தில்லியில் இறந்தார். அத்தனை நாள் அவர் தாக்குப்பிடித்தது மிக அரிதான நிகழ்வாகும்; ஏனெனில், புதையுண்டோரை ஏறத்தாழ 15 நிமிடங்களுக்குள் தோண்டியெடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கின்றனர், அதன்பின் மூச்சுத்திணறலால் அந்த வாய்ப்பு விரைந்து குறைந்துவிடுகிறது.