வரி ஓடிய கல்

மாத்தளையிலிருந்து எல்கடுவவுக்கு மலையேறுவோர், வழியிற் காணும் பாறையைச் சற்றே நின்று பார்த்தல் நன்று. கருமையும் வெண்மையுமான வரிகள் பலவற்றில் தென்படும். அவை பிறவியில் அமைந்தவையல்ல.

உருகிய குழம்பு இறுகியது தீப்பாறை. மணலும் சேறும் படிந்து இறுகியது அடையற்பாறை. இவை ஆழத்தில் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் உட்பட்டு, முற்றாக உருகாமலே புதிய கனிமங்களைப் பெறுமாயின், அதுவே உருமாறிய பாறை. இலங்கையிற் பத்தில் ஒன்பது பங்கு நிலம் இவ்வினத்தது. மத்திய மலைநாட்டுப் பாறைகள் ஏறக்குறைய 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன், 700 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருமாறியவை.

இவற்றை இருவகையாகப் பகுப்பர். அழுத்தத்தாற் கனிமங்கள் வரிசைப்பட்டவை ஒருவகை: சேறு இறுகிய கல் முதலிற் சிலேட்டாகும், வெப்பம் ஏற ஏறச் சிஸ்டாகும், முடிவில் வரியோடிய நைசு ஆகும். வரிசைப்படாதவை மற்றொரு வகை: மணற்கல் படிகப்பாறையாகும், சுண்ணாம்புக்கல் சலவைக்கல்லாகும். மாத்தளை மாவட்டத்திற் சூளையிட்டு நீற்றப்படுவது இச்சலவைக்கல்லே.

வரிகள் வெறும் அழகுக்கல்ல. மலைச்சரிவு சாயும் பக்கமே அவையும் சாய்ந்திருந்தால், மழைநீர் இடுக்குகளில் இறங்கி, மேலுள்ள கல்லும் மண்ணும் வழுக்கிச் சரியக்கூடும். மலையின் உட்புறமாகச் சாய்ந்திருந்தால் அவ்வாறு வழுக்கும் அபாயம் குறைவு.

ஆதலால், சரிவில் லயமோ வீடோ எழுப்புமுன், கல் எப்பக்கம் சாய்கிறது என்று அறிந்தோரிடம் கேளுங்கள். அக்கேள்வி ஒரு குடும்பத்தையே காக்கக்கூடும்.