நாளுக்கு ஐந்து வரி போதும்

“தமிழில் எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால், என் தமிழ் அந்த அளவுக்கு நல்லா இல்லையே!”

பள்ளிகளில் நடக்கும் எழுத்துப் பயிலரங்குகளுக்கு உதவச் செல்லும்போதெல்லாம் இந்த வாக்கியம் என் காதில் விழுகிறது. உயர்நிலை மூன்றில் படிப்பவரும் சொல்கிறார். பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டில் இருப்பவரும் சொல்கிறார். இப்படிச் சொல்பவர்களில் பலர் நன்றாகப் பேசக்கூடியவர்கள். வகுப்பில் நடந்த ஒரு கூத்தைக் கேட்பவர் வயிறு குலுங்கச் சிரிக்கும்படி விவரிப்பார்கள். அதையே எழுதச் சொல்லித் தாளை நீட்டினால் கை நின்றுவிடும்.

சொல்ல விஷயம் இல்லாததால் கை நிற்பதில்லை. பயத்தால் நிற்கிறது. அந்தப் பயத்தைத் தாண்டும் துணிச்சல் எங்கிருந்து கிடைக்கும்? பல்கலைக்கழகப் படிப்புக்கு நடுவே கதை எழுதிப் பழகிய இந்த மூன்று ஆண்டுகளில் எனக்குத் தெரிய வந்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

எதற்குப் பயப்படுகிறோம்?

பள்ளியில் நாம் எழுதும் தமிழ் எல்லாமே யாரோ ஒருவர் திருத்துவதற்காக எழுதப்படுவது. கட்டுரையானாலும் கருத்தறிதல் விடையானாலும் அது சிவப்பு மைக் குறிகளோடுதான் நம்மிடம் திரும்பி வருகிறது. ஆசிரியர்களைக் குறை சொல்ல முடியாது. பிழையைக் காட்டுவது அவர்கள் கடமை. ஆனால், பத்து ஆண்டுகள் இப்படியே எழுதிய பிறகு, எழுதுவது என்றாலே தேர்வு என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. கடைசித் தமிழ்த் தாளை எழுதி முடித்த நாளோடு பலருக்குத் தமிழில் எழுதுவதும் முடிந்துவிடுகிறது.

இரண்டாவது பயம் வீட்டிலிருந்து வருகிறது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசும் சிங்கப்பூர் இந்தியர்கள் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர்தான். அந்த வீடுகளிலும் ஒரே வாக்கியத்தில் தமிழ், ஆங்கிலம், மலாய் மூன்றும் கலந்து வருகின்றன. ‘இப்படிப் பேசும் நான் எப்படி எழுத்தாளராக முடியும்?’ என்று தோன்றுவது இயல்பு.

மூன்றாவது, மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற பயம். கதையில் ஒரு கோபக்கார அப்பா வந்தால், தம்மைப் பற்றித்தான் எழுதியிருப்பதாக நம் அப்பா நினைத்துவிடுவாரோ? பிரிவைப் பற்றிக் கவிதை எழுதினால் நண்பர்கள் கேலி செய்வார்களோ?

இந்த மூன்று பயங்களும் நியாயமானவை. ‘பயப்படாதே’ என்று ஒருவர் சொல்வதால் இவை போய்விடா.

ஒரு வணிகரின் நாட்குறிப்பு

என் தமிழ் போதாது என்று தோன்றும்போது நான் நினைத்துக்கொள்ளும் மனிதர் ஆனந்தரங்கப் பிள்ளை. 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் வாழ்ந்த வணிகர். பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் துபாசியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும் பணியாற்றியவர். புலவர் என்று பெயர் வாங்கியவர் அல்லர்.

1736ஆம் ஆண்டில் அவர் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். 1761இல் இறக்கும்வரை, ஏறத்தாழ 25 ஆண்டுகள் எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு விலை, ஆளுநர் வீட்டுப் பேச்சு, ஊர்ச் சண்டை, 1746இல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்த செய்தி என எல்லாமே அதில் உண்டு.

அவர் எழுதிய தமிழ் எப்படிப்பட்டது தெரியுமா? அன்றைய பேச்சு வழக்குக்கு நெருக்கமான தமிழ். பிரெஞ்சு, போர்த்துகீசியம், பாரசீகம் என்று துறைமுக நகரில் புழங்கிய பல மொழிச் சொற்களும் அதில் கலந்து கிடக்கின்றன. இன்று தேர்வில் அப்படி எழுதினால் மதிப்பெண் கிடைப்பது கடினம். ஆனால், அக்காலத் தென்னிந்தியாவைப் பற்றி ஆராய்பவர்கள் அந்த நாட்குறிப்பைத் தேடிப் படிக்கிறார்கள். ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக அது வெளிவந்துள்ளது.

தம்மிடம் இருந்த தமிழில் அவர் எழுதினார். பல மொழிகள் புழங்கும் துறைமுக நகரில் வாழும் நமக்கு, அவர் தூரத்துச் சொந்தக்காரர் போலத்தான்.

அளவைச் சிறிதாக்குங்கள்

துணிச்சல் வந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தால் அது வரப்போவதில்லை. செய்ய வேண்டிய வேலையைச் சிறிதாக்கிவிட்டால், அதற்குத் தேவைப்படும் துணிச்சலும் சிறிதாகிவிடும்.

‘இன்று ஒரு சிறுகதை எழுதப் போகிறேன்’ என்று உட்கார்ந்தால் பயமும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘ஐந்து வரி எழுதப் போகிறேன்’ என்றால் பயப்படுவதற்கு என்ன இருக்கிறது? என் வழக்கம் அதுதான். நாளுக்கு ஐந்து வரி. பெருவிரைவு ரயிலில் வீடு திரும்பும்போது கைப்பேசியில் எழுதுகிறேன். உட்கார இடம் கிடைத்தால் சிறிய குறிப்பேட்டில் எழுதுகிறேன். யாருக்கும் காட்டுவதில்லை. அதனால் யார் என்ன நினைப்பார்கள் என்ற கேள்விக்கே இடமில்லை.

ஐந்து வரி என்பது சுமார் 40 சொற்கள். ஓராண்டு தொடர்ந்தால் 14,600 சொற்கள். 1,500 சொற்களில் ஒரு சிறுகதை என்று வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட பத்துக் கதைகளின் அளவு. எழுதியதில் முக்கால்வாசியைத் தள்ளிவிட்டாலும் இரண்டு கதைகளுக்கான சரக்கு மிஞ்சும்.

பெரிய எழுத்தாளர்கள் பலரும் இப்படி அளவு வைத்துக்கொண்டவர்கள்தான். ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிரொலப் அஞ்சல்துறை ஊழியர். காலை 5.30 மணிக்கு மேசைக்கு வந்துவிடுவார். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, 15 நிமிடத்துக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதிவிட்டு வேலைக்குக் கிளம்புவார். அப்படி எழுதியவை 47 நாவல்கள். நம் காலத்தில் ஜெயமோகன், 2014ஆம் ஆண்டு தொடங்கி 2020 வரை நாள்தோறும் ஓர் அத்தியாயம் என்ற முறையில் ‘வெண்முரசு’ நாவல் வரிசையை எழுதி, 26 நாவல்களாக முடித்தார்.

அவர்கள் அளவு நமக்குப் பொருந்தாது. நமக்கு வீட்டுப்பாடம், இணைப்பாட நடவடிக்கை, பகுதிநேர வேலை எல்லாம் இருக்கின்றன. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: அன்றைய அளவை எழுதி முடித்துவிட்டால் அன்றைய கடமை முடிந்தது. நன்றாக வந்ததா, இல்லையா என்பதை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்து வரியில் எதை எழுதுவது?

‘மகிழ்ச்சி’, ‘நட்பு’ என்று தலைப்பு வைத்துக்கொண்டால் ஐந்து வரியும் மலைபோல் தெரியும். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள். காப்பிக்கடையில் பக்கத்து மேசையில் கேட்ட ஒரு வாக்கியம். மின்தூக்கி பழுதானபோது ஒன்பதாவது மாடிவரை பையைச் சுமந்த முதியவர். புளோக் கீழ்த்தளத்தில் நடந்த ஒரு திருமணத்தின் வாசனை. நம் வீட்டுப் பெரியவர்கள் காலையில் ‘சாப்பிட்டாயா’ என்பதற்குப் பதில் ‘பசியாறியாச்சா’ என்று கேட்கும் அழகு.

என் பாட்டி செம்பவாங்கில், கடற்படைத் தளத் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்தவர். வார இறுதியில் அவரைப் பார்க்கச் செல்லும்போது அவர் சொல்வதில் ஏதேனும் ஒன்றை அன்றைய ஐந்து வரியாக எழுதி வைப்பேன். “சங்கு ஊதினா போதும், வாசல்ல சைக்கிளா கொட்டும்” என்றார் ஒரு நாள். வேலை முடிந்து தொழிலாளர்கள் கூட்டமாக வெளியே வருவதைத்தான் அப்படிச் சொன்னார். ஆலைச் சங்கை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதினேன். அவர் சொன்ன ‘கொட்டும்’ என்ற சொல்லையும் மாற்றவில்லை. அகராதியில் தேடி வேறு சொல் போட்டிருந்தால் பாட்டியின் குரல் காணாமல் போயிருக்கும்.

ஓராண்டில் அப்படி முப்பதுக்கும் மேற்பட்ட குறிப்புகள் சேர்ந்தன. அவற்றிலிருந்து ஒரு சிறுகதை வந்தது. இப்போது பாட்டிக்கு நினைவு தடுமாறுகிறது. சைக்கிள்களைப் பற்றிக் கேட்டால் புன்னகைக்கிறார், சொல்ல வருவதில்லை. குடும்பத்தில் வேறு யாரும் அவற்றை எழுதி வைக்கவில்லை. அவருடைய சொற்களில் எஞ்சியிருப்பவை அந்த முப்பது குறிப்புகள்தான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார்.

பிழைக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்

‘பள்ளிக்குப் போனேன்’ என்று எழுத நினைத்து ‘பல்லிக்குப் போனேன்’ என்று எழுதினால் சிரிப்பு வரும்தான். பிழையில்லாமல் எழுதக் கற்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், எழுதும் நேரத்தையும் திருத்தும் நேரத்தையும் பிரித்துவிட வேண்டும்.

வாரத்தில் ஆறு நாள்கள் எழுதுகிறேன். ஏழாம் நாளில் புதிதாக எதுவும் எழுதுவதில்லை. அந்த வாரத்து வரிகளை எடுத்துத் திருத்துகிறேன். அதிலும் ஒரு வாரத்துக்கு ஒரு வகைப் பிழையைத்தான் பார்ப்பேன். இந்த வாரம் ல, ழ, ள. அடுத்த வாரம் ர, ற. அதற்கடுத்த வாரம் ந, ன, ண. அடிக்கடி தவறும் சொற்களைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தால், சில மாதங்களில் அந்தப் பட்டியல் சுருங்குவதைக் கண்ணால் பார்க்கலாம்.

எழுதும்போது தமிழ்ச்சொல் நினைவுக்கு வராவிட்டால் நின்றுவிடாதீர்கள். வாயில் வரும் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு மேலே செல்லுங்கள். திருத்தும் நாளில் தேடிக்கொள்ளலாம். எல்லா வட்டங்களையும் மாற்ற வேண்டிய தேவையும் இல்லை. கதை சொல்பவர் ‘மின்தூக்கி’ என்பார். கதையில் வரும் பையன் ‘லிஃப்ட்’ என்றுதான் சொல்வான். எங்கே எது பொருந்தும் என்று யோசிப்பதே எழுத்துப் பயிற்சிதான்.

இன்னொன்று, வாசிப்பு. நாளுக்கு இரண்டு பக்கமாவது நல்ல தமிழ் கண்ணில் பட வேண்டும். 1965 முதல் 2015 வரையிலான சிங்கப்பூர்த் தமிழ் நூல்கள் பல, தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தின்வழி மின்னிலக்க வடிவில் தேசிய நூலக வாரியத்தின் சேகரிப்பில் கிடைக்கின்றன. நம் ஊர்ப் பேட்டைகளும் கடைத்தெருக்களும் தமிழ்க் கதைகளில் எப்படி வந்திருக்கின்றன என்று பார்த்தால், ‘இதையெல்லாம் எழுதலாமா’ என்ற தயக்கம் போய்விடும்.

முதலில் ஒருவரிடம் காட்டுங்கள்

எழுதுவதற்கு வேண்டிய துணிச்சல் ஒன்று. எழுதியதைக் காட்டுவதற்கு வேண்டிய துணிச்சல் இன்னொன்று. இதையும் சிறிதாக்கலாம்.

எழுதியதை முதலில் ஒரே ஒருவரிடம் காட்டுங்கள். கொடுக்கும்போது ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்காதீர்கள். ‘நல்லா இருக்கு’ என்ற பதில்தான் வரும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு கேள்விகள் கேளுங்கள்: எந்த இடம் உங்கள் மனத்தில் நின்றது? எந்த இடத்தில் புரியாமல் போனது? நாங்கள் மூன்று நண்பர்கள் மாதம் ஒருமுறை சந்தித்து, ஒருவர் எழுதியதை மற்ற இருவரும் படித்து, இந்த இரண்டு கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறோம். எழுதியவர் குறுக்கே பேசக்கூடாது என்பது எங்கள் விதி. முதல் மாதம் சங்கடமாக இருந்தது. மூன்றாம் மாதம் எங்கள் மூவரின் கதைகளும் மாறத் தொடங்கின.

பிறகு வெளியே வாருங்கள். சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகத்தின் மாதாந்திரக் கதைக்களம், கவிமாலை அமைப்பின் கவிதைச் சந்திப்புகள், ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாப் போட்டிகள், நான்கு மொழிகளிலும் நடைபெறும் தங்கமுனை விருதுப் போட்டி எனப் பல வாசல்கள் இங்கே உள்ளன.

இது புதிய பழக்கமும் அன்று. 1950களில் கோ. சாரங்கபாணி தமிழ் முரசில் மாணவர் மணிமன்றம் என்ற பகுதியை மாணவர்களுக்காகவே நடத்தினார். பிற்காலத்தில் இந்த வட்டாரத்தில் எழுத்தாளர்களாக அறியப்பட்ட பலர் அதில் எழுதிப் பழகியவர்கள். உங்களைப் போன்ற வயதில், பள்ளிச் சீருடையில் இருந்தபோதே அவர்கள் தொடங்கினார்கள்.

ஒரு நாள் விட்டுப்போனால்?

விட்டுப்போகும். தேர்வு வரும், காய்ச்சல் வரும், தேசிய சேவை வரும். விட்ட நாளுக்கும் சேர்த்து மறுநாள் பத்து வரி எழுத முயலாதீர்கள். கடன் சேர்ந்தால் பழக்கம் பாரமாகிவிடும். மறுநாளும் அதே ஐந்து வரிதான். தேர்வுக் காலத்தில் நான் ஒரே ஒரு வரியாகக் குறைத்துக்கொள்கிறேன். சில நாள்களில் அந்த வரி, ‘இன்று மிகவும் களைப்பாக இருக்கிறது’ என்பதுதான். அதுவும் கணக்கில் சேரும்.

நம் தலைமுறையின் வாழ்க்கை இதற்கு முன் யாரும் எழுதாதது. துணைப்பாட வகுப்புக்கும் கோயிலுக்கும் நடுவே ஓடும் சனிக்கிழமை, பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசப் பாட்டி தமிழில் பதில் சொல்லும் சாப்பாட்டு மேசை, தேசிய சேவை முகாமில் தமிழ் பேச ஒருவர் கிடைத்துவிட்ட மகிழ்ச்சி. இவற்றை உள்ளே இருந்து எழுதக்கூடியவர்கள் நாம்தான். ‘தமிழ் நன்றாக வந்த பிறகு எழுதுகிறேன்’ என்று நாம் ஒத்திப்போட்டால், இவை தமிழில் எழுதப்படாமலேயே போய்விடலாம். எழுத எழுதத்தான் தமிழும் நன்றாக வரும்.

இன்றிரவு தூங்குவதற்கு முன், இன்று காதில் விழுந்த ஒரு வாக்கியத்தை, கேட்டபடியே எழுதிப் பாருங்கள். அதைச் சொன்னவர் யார், எங்கே நின்றார், கையில் என்ன வைத்திருந்தார் என்று இன்னும் நான்கு வரி. முதல் நாளுக்கு அது போதும்.