ஒளிக்கு எட்டாத உலகம்

1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பேராக் மாநிலத்திலும், பின்னர் நெகிரி செம்பிலானிலும் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்கள் பலர் கடும் காய்ச்சலுக்கு ஆளாயினர். மூளை பாதிக்கப்பட்டு நினைவிழந்தனர், பலர் இறந்தனர். கொசுக்கள் பரப்பும் ஜப்பானிய மூளைக் காய்ச்சலே காரணம் என்று முதலில் கருதப்பட்டது. கொசு மருந்து அடிக்கப்பட்டது, தடுப்பூசியும் போடப்பட்டது. ஆயினும், மரணங்கள் நிற்கவில்லை.

1999 மார்ச் மாதம், மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர் சுவா காவ் பிங், நோயாளியின் உடலிலிருந்து பிரித்தெடுத்த கிருமியை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றார். அங்கு மின்னணு நுண்ணோக்கி அதன் உருவத்தைக் காட்டியது. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் கிருமி ஏறத்தாழ 50 நானோமீட்டர் விட்டமுள்ள உருண்டை. படத்தில் தெரிந்ததோ அதைவிடப் பெரியது. அதனுள் மீன்முள்ளைப் போன்ற இழைகள் காணப்பட்டன. தட்டம்மைக் கிருமி சேர்ந்திருக்கும் குடும்பத்தின் அடையாளம் அது. எனவே, தேடவேண்டிய எதிரி வேறு என்பது தெளிவாயிற்று.

இக்கிருமியைப் பள்ளி ஆய்வகத்திலுள்ள நுண்ணோக்கியால் ஏன் காண இயலாது? அதை அறிய, முதலில் அளவுகளைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரோமீட்டர். அதை மீண்டும் ஆயிரம் பங்காக்கினால் ஒரு நானோமீட்டர். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர்.

நம் கண்ணுக்குப் புலப்படும் ஒளி அலைகளின் நீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர். பருத்த தூரிகையால் நுண்ணிய கோலம் வரைய இயலுமா? புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும் அல்லவா? அதுபோலவே, ஏறக்குறைய 200 நானோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளைச் சாதாரண ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டாது. எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் படம் மங்கலாகவே இருக்கும்.

ஆகவே, மெல்லிய தூரிகை ஒன்று தேவைப்பட்டது. எலக்ட்ரான் எனப்படும் மின்னணுவும் அலையைப் போல் இயங்கும் என்று பிரெஞ்சு அறிஞர் லூயி டி பிராய் 1924இல் விளக்கினார். ஒரு லட்சம் வோல்ட் மின்னழுத்தத்தில் விரையும் மின்னணுவின் அலைநீளம் 0.004 நானோமீட்டருக்கும் குறைவு. 1931இல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் முதல் மின்னணு நுண்ணோக்கியை உருவாக்கினர். இப்பணிக்காக ருஸ்காவுக்கு 1986இல் நோபல் பரிசு கிடைத்தது.

இக்கருவியில் கண்ணாடி வில்லைகளுக்குப் பதிலாகக் காந்தச் சுருள்கள் மின்னணுக் கற்றையைக் குவிக்கின்றன. காற்றின் மூலக்கூறுகள் மின்னணுக்களைச் சிதறடிக்கும் என்பதால், உள்ளிருக்கும் காற்று முழுவதும் வெளியேற்றப்படுகிறது. ஆராயப்படும் பொருள், மின்னணுக்கள் ஊடுருவிச் செல்லும் அளவுக்கு மிக மெல்லியதாக இருக்க வேண்டும். மின்னணுக்களை அதிகம் சிதறடிக்கும் பகுதிகள் படத்தில் கருமையாகத் தெரிகின்றன. மின்னணுக்களுக்கு நிறம் இல்லாததால் படமும் கறுப்பு வெள்ளையாகவே அமைகிறது.

இன்றைய சிறந்த கருவிகள் அணுக்களையே தனித்தனியாகக் காட்டுகின்றன. அங்கு நானோமீட்டரும் பெரிய அளவாகிவிடுகிறது. எனவே, அதில் பத்தில் ஒரு பங்கான ஆங்ஸ்ட்ராம் என்னும் அலகை அறிவியலாளர்கள் பயன்படுத்துகின்றனர். சுவீடன் நாட்டு இயற்பியலாளர் ஆண்டர்ஸ் ஆங்ஸ்ட்ராமின் பெயரால் அது வழங்கப்படுகிறது. வைரத்தில் அடுத்தடுத்துள்ள இரு கார்பன் அணுக்களுக்கு இடையிலான தொலைவு 1.54 ஆங்ஸ்ட்ராம். இதனை 0.154 நானோமீட்டர் என்றும், 154 பிக்கோமீட்டர் என்றும் கூறலாம். அலகு மாறினாலும் தொலைவு மாறுவதில்லை. கையாள எளிய எண்ணைத் தரும் அலகையே நாம் தேர்ந்தெடுக்கிறோம்.

நோய் கண்டவர் வாழ்ந்த சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால், புதிய கிருமிக்கு நிப்பா வைரஸ் என்று பெயரிடப்பட்டது. அது கொசுவால் அன்றி, நோயுற்ற பன்றிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றியது. ஏறத்தாழ பத்து லட்சம் பன்றிகள் அழிக்கப்பட்ட பின்னரே நோய் அடங்கியது. அதற்குள் மலேசியாவில் 105 உயிர்கள் பறிபோயிருந்தன. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைச் சரியாகக் கண்டு அளப்பது, மனித உயிரைக் காக்கும் பணியுமாகும்.